கடைசி இடத்து அணி

தமிழாசிரியப் பணியில் முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2016 ஆம் ஆண்டு மே மாத முடிவில் நான் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற இரண்டாம் வாரமே, கனடா நாட்டில் டொராண்டோ நகரில் வாழும் என் மகள் என்னைத் தன் இல்லத்திற்கு வரவழைத்துக்கொண்டாள். அவள் குடியிருப்பது அந்நகரின் கீழ்ப்பகுதியாகிய ஸ்கார்பரோ. இலங்கைத் தமிழர் மிகுதியாக வாழும் இடம் அது. கடைகளின் பெயர்ப் பலகைகளில் தமிழ் எழுத்துகளைக் கண்டபோது, கடல் கடந்து வந்துள்ளோம் என்னும் நினைவே சிறிது நேரம் எனக்கு இல்லாது போயிற்று.

மகளுக்கு ஒரே மகன். அப்பொழுது அவனுக்கு வயது பத்து. நான் சென்ற மூன்றாம் நாள் இரவு, உணவு முடிந்தபின், நீலநிறச் சட்டை ஒன்றை அணிந்துகொண்டு என் அருகில் வந்து அமர்ந்தான். சட்டையின் மார்பில் வெண்ணிற இலை ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. "தாத்தா, வரும் பருவத்தில் எங்கள் அணி பிளே ஆஃப் சுற்றுக்குப் போகுமா?" என்று கேட்டான்.

எந்த அணி, எந்த ஆட்டம், எந்தச் சுற்று என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருமகன் சிரித்துக்கொண்டே விளக்கம் தந்தார். வளைகோற்பந்தாட்டம் நான் அறியாததன்று. நம் கோவில்பட்டி அவ்வாட்டத்திற்குப் பெயர் பெற்ற ஊரல்லவா? ஆனால், மண்ணிலும் புல்லிலும் ஆடக் கண்டவனே நான். பனிக்கட்டியின்மேல் ஆடக் கண்டவனல்லன். 200 அடி நீளமும் 85 அடி அகலமும் உள்ள பனித்தளத்தில், கத்தி பொருத்திய காலணிகளோடு வீரர்கள் சறுக்கி ஓடுவார்கள். அடிக்கப்படுவது பந்தன்று, 3 அங்குல விட்டமும் 1 அங்குலக் கனமும் உடைய கறுப்பு ரப்பர் வட்டு. ஒரு பக்கத்தில் இலக்குக் காவலரோடு சேர்த்து அறுவர். இருபது நிமிடமாக மூன்று பகுதிகள். இவ்வளவே ஆட்டத்தின் உருவம்.

கனடாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் உள்ள பெருநகரங்கள் இவ்வாட்டத்திற்கெனத் தொழில்முறை அணிகளை வைத்துள்ளன. அவ்வாண்டில் அவை 30. அப்பொழுது ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடின. வென்றால் 2 புள்ளி. குறித்த நேரத்தில் சமமாக நின்று, மிகை நேரத்தில் தோற்றால் 1 புள்ளி; மற்றபடி தோற்றால் ஒன்றுமில்லை. கீழைப் பிரிவில் எட்டும் மேலைப் பிரிவில் எட்டுமாக 16 அணிகள் மேற்சுற்றுக்குச் செல்லும். அதன் பெயரே பிளே ஆஃப். அதில் நான்கு கட்டங்களையும் கடந்து நிற்கும் ஓரணிக்கு ஸ்டான்லி கோப்பை கிட்டும்.

என் பேரனுடைய அணியின் பெயர் டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ். ஆங்கில இலக்கணப்படி இலை பன்மையாகுங்கால் 'லீவ்ஸ்' என்றாக வேண்டும். இவர்களோ 'லீஃப்ஸ்' என்றே 1927 ஆம் ஆண்டு முதல் எழுதி வருகிறார்கள். இலக்கணம் கற்பித்தே வயிறு வளர்த்தவனாதலின், எனக்கு அது முதலில் உறுத்தியது. சிறப்புப் பெயர் விகாரப்படாது நிற்கும் என்று அமைதி கூறி என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

1917 ஆம் ஆண்டில் தோன்றிய பழைய அணி அது. 13 முறை கோப்பை வென்ற பெருமை உடையது. ஆனால், கடைசியாக வென்றது 1967 ஆம் ஆண்டில். 2004 ஆம் ஆண்டிற்குப் பின் 2016 வரை மேற்சுற்றில் காலெடுத்து வைத்ததே ஒருமுறைதான். அது 2013 ஆம் ஆண்டில். அப்பொழுதும் பாஸ்டன் அணியோடு ஆடிய ஏழாம் ஆட்டத்தில், கடைசிப் பகுதியில் 4-1 என முன்னணியில் இருந்தும், 4-5 எனத் தோற்றது. 2015-16 ஆம் பருவத்தில் 82 ஆட்டங்களில் 29 வெற்றி, 69 புள்ளி, முப்பது அணிகளுள் முப்பதாம் இடம்.

மருமகன் காட்டிய பட்டியலைக் கண்ணாடி அணிந்து பார்த்தேன். அடியிலிருந்த வரியைக் கண்டவுடன், "முப்பதில் முப்பதாம் இடத்தில் இருக்கிறதே, தம்பி! இவ்வணி ஓராண்டில் தலையெடுக்குமா? வாய்ப்பில்லை" என்றேன்.

"ஏன் தாத்தா?"

"கடைசியாக வந்திருக்கிறதே!"

"அது போன வருடம் அல்லவா? நான் அடுத்த வருடத்தைக் கேட்டேன்."

மறுமொழி கூற வாயெடுத்தேன், சொல் எழவில்லை. அதற்கொரு காரணம் உண்டு. அதனை இங்குச் சொல்லாமல் மேலே செல்ல என் மனம் ஒப்பவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முந்திய வாரம் என் அலமாரியைத் துப்புரவு செய்தபோது, பழைய மதிப்பெண் ஏடு ஒன்று அகப்பட்டது. 1994 ஆம் ஆண்டில் வேறோர் ஊர்ப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு நான் எழுதிய ஏடு. அவ்வகுப்பில் ஒரு மாணவன். தந்தை இல்லாதவன், பேச்சுக் குறைந்தவன். அரையாண்டுத் தேர்வில் தமிழில் வகுப்பிலேயே கடைசி. பொதுத்தேர்வில் பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டைக் குறைக்கக் கூடியவர்களின் பெயரைத் தருமாறு கேட்டார்கள். அத்தகையோரைத் தனித்தேர்வராக எழுதச் சொல்லி விலக்குவது அங்கு வழக்கமாய் இருந்தது. நான் அவன் பெயரை எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தேன். அவன் தனியாகத் தேர்வு எழுதவில்லை. செங்கற்சூளைக்கு வேலைக்குச் சென்றுவிட்டான் என்று பின்னர்க் கேள்வியுற்றேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவ்வேட்டைப் புரட்டியபோதுதான், அவன் பெயருக்கு நேரே நானே என் கையால் எழுதிய எண்களைக் கண்டேன். முதல் தேர்வில் 9, காலாண்டில் 17, அரையாண்டில் 28. தேர்ச்சிக்கு வேண்டியவை 35. பொதுத்தேர்வுக்கோ இன்னும் மூன்று மாதங்கள் இருந்தன. கடைசி இடம் என்பதைப் பார்த்தேன். எங்கிருந்து எங்கு வந்திருக்கிறான் என்பதைப் பார்க்கவில்லை. அந்த ஏட்டை நான் யாரிடமும் காட்டவில்லை. பெட்டியில் வைத்துக் கனடாவுக்கே கொண்டு சென்றிருந்தேன்.

பத்து வயதுச் சிறுவன், "அது போன வருடம் அல்லவா?" என்று கேட்டபோது, என் பெட்டியைத் திறந்து பார்த்தவன்போல் எனக்குத் தோன்றியது. "சொன்னது தவறு, தம்பி. ஆராய்ந்து பார்க்காமல் சொல்லிவிட்டேன். எனக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடு, கற்றபின் விடை சொல்கிறேன்" என்றேன். அவன் மகிழ்ந்தான். கைம்மாறாக, நாள்தோறும் அரைமணி நேரம் தமிழ் படிப்பதாகவும் ஒப்புக்கொண்டான். மகளுக்கு அதுவே பெரிய மகிழ்ச்சி. ஏனெனில் அவனுக்கு லகர ளகர வேறுபாடு பிடிபடவே இல்லை. 'புள்ளி' என்பதைப் 'புல்லி' என்றே எழுதுவான். எத்தனை முறை திருத்தினாலும் மறுநாள் மீண்டும் 'புல்லி' முளைத்துவிடும்.

அக்கோடைக்காலம் முழுவதும் நாங்கள் இருவரும் ஆராய்ந்தோம். முதலில், எதிரான காரணங்களை எடுத்துக்கொண்டேன். ஆசையை முன்னிட்டுக் கணக்குப் பார்க்கலாகாது அல்லவா? கீழைப் பிரிவில் அப்பருவத்தில் டெட்ராய்ட், பாஸ்டன் ஆகிய இரண்டும் 93 புள்ளிகளே பெற்றிருந்தன. அவற்றுள் டெட்ராய்ட் உள்ளே சென்றது. பாஸ்டன் வெளியே நின்றது. ஆகவே, வாயிற்படியின் உயரம் ஏறத்தாழ 93 என்று கொண்டோம். நம் அணிக்கு இருப்பவை 69. குறைவு 24. ஒரு வெற்றிக்கு 2 புள்ளியாதலால், மேலும் 12 வெற்றிகள் வேண்டும். 29 வெற்றி பெற்ற அணி 41 வெற்றி பெற வேண்டும் என்பது எளிய செயலன்று. மேலும், வரவிருந்தவர்கள் பெரும்பாலும் அனுபவமில்லாத இளைஞர்கள். மரக்கன்றுகளை நட்டுவிட்டு மறுநாளே நிழல் தேடுவது போன்றது அவர்களை நம்புவது என்று நினைத்தேன்.

பின்னர், ஆதரவான காரணங்களைத் தேடினோம். இங்கேதான் நான் எதிர்பாராத செய்திகள் கிடைத்தன. அணி கடைசியாக வந்தது வலிமையிழந்து சரிந்ததால் மட்டுமன்று. பெரும்பகுதி தாமே வருவித்துக்கொண்ட சரிவு. 2015 ஆம் ஆண்டு கோடையில் தம் முன்னணி வீரரான ஃபில் கெசலைப் பிட்ஸ்பர்க் அணிக்கு மாற்றிவிட்டார்கள். 2016 பிப்ரவரியில் அணித்தலைவரையே ஒட்டாவா அணிக்கு அனுப்பிவிட்டார்கள். புதிதாக வந்த பயிற்சியாளர் மைக் பாப்காக், வேதனைக் காலம் வரப்போகிறது என்று தொடக்கத்திலேயே அறிவித்திருந்தார். பழைய வீட்டைப் பழுது பார்ப்பதைவிட இடித்துக் கட்டுவது மேல் என்று துணிந்தவர்களின் செயல் அது. இடிக்கும்போது புழுதிதான் தெரியும்.

அடுத்தது, அந்த ஆட்டக் கழகத்தின் சட்டம். எவ்வளவு செல்வமுடைய அணியாயினும், வீரர்களின் ஊதியத்திற்கு ஓர் எல்லைக்கு மேல் செலவிடலாகாது. 2016-17 இல் அவ்வெல்லை 7 கோடியே 30 இலட்சம் அமெரிக்க டாலர். செல்வர் எல்லாரையும் விலைக்கு வாங்கிவிட இயலாது. அன்றியும், புதிய இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையில் தாழ்ந்த அணிகளுக்கு முதலிடம். வேண்டுமென்றே தோற்பவர் பெருகாதிருக்கக் குலுக்கல் முறை ஒன்று உண்டு. எண்ணிட்ட 14 பந்துகளை ஓர் இயந்திரத்தில் இட்டுக் கலக்கி எடுப்பார்கள். அவ்வாண்டில் கடைசி இடத்து அணிக்கு முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 20 ஆக இருந்தது. கிடைக்காதிருக்க நூற்றுக்கு 80. 2016 ஏப்ரல் 30 அன்று, அந்த இருபதே டொராண்டோவுக்கு வாய்த்தது. இதனை ஆராய்ச்சியில் எவ்வாறு சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நல்லூழ் என்று குறித்துக்கொண்டேன்.

அத்தேர்வு ஜூன் 24 அன்று பஃபலோ நகரில் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆஸ்டன் மாத்யூஸ் என்னும் பதினெட்டு வயது இளைஞர். பனியே பெய்யாத அரிசோனா மாநிலப் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர் அவர் என்று கேட்டபோது வியப்புற்றேன். அவர் பிறந்தது 1997 செப்டம்பர் 17. இரண்டு நாள் முன்னதாகப் பிறந்திருந்தால், வயதுச் சட்டப்படி முந்திய ஆண்டிலேயே தேர்வுக்கு வந்து வேறோர் அணிக்குச் சென்றிருப்பார். பள்ளிச் சேர்க்கையில் ஒருநாள் வயதுக் குறைவுக்காகப் பெற்றோர் என்னிடம் வந்து மன்றாடியதுண்டு. அந்த ஒருநாள் என்ன செய்யவல்லது என்று அன்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

எல்லாவற்றினும் என்னை அசைத்த செய்தி வேறு. பேரனே அதைக் கொண்டுவந்தான். டொராண்டோ அணிக்கு மார்லீஸ் என்னும் இளநிலை அணி ஒன்றுண்டு. அதில் பயின்றவர்களே பின்னர் மேலணிக்கு ஏறுவார்கள். மேலணி முப்பதாவதாக வந்த அதே பருவத்தில், இளநிலை அணி தன் கழகத்தின் அணிகள் அனைத்திலும் முதலாவதாக வந்திருந்தது. பத்தாம் வகுப்புக் கடைசி. ஒன்பதாம் வகுப்பு முதல்! தலைமையாசிரியர் ஒருவர் இதைக் கண்டால், அடுத்த ஆண்டைப் பற்றி என்ன சொல்வார்? அன்று நான் பெட்டியைத் திறந்து அந்த மதிப்பெண் ஏட்டைப் பேரனிடம் காட்டினேன். 9, 17, 28 என்னும் எண்களை அவன் விரலால் தொட்டுப் பார்த்தான். "இந்த அண்ணன் தேர்ச்சி பெற்றாரா?" என்றான். "நான் எழுதவிடவில்லை" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சிறுவர் சில நேரம் பேசாதிருப்பது பெரியோர் திட்டுவதினும் கடிது.

செப்டம்பர் முடிவில் என் விடையைக் கூறினேன். "மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மேற்சுற்றுக்குப் போகாவிட்டாலும், சென்ற ஆண்டைவிட நிச்சயம் மேலே நிற்கும்" என்றேன். அவன் அதைத் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினான். 'மூன்றில் ஒறு பங்கு' என்று எழுதியிருந்தான். அந்த றகரத்தை அன்று திருத்த எனக்கு மனம் வரவில்லை.

அக்டோபர் 12 அன்று முதல் ஆட்டம், ஒட்டாவா நகரில். வீடே தொலைக்காட்சியின்முன் கூடியிருந்தது. மாத்யூஸ் அக்கழகத்தில் தாம் ஆடிய முதல் ஆட்டத்தில், இரண்டு பகுதிகள் முடிவதற்குள் நான்கு முறை வட்டை இலக்கினுள் செலுத்தினார். பேரன் நாற்காலியின்மேல் ஏறி நின்று கூவினான். நானும் எழுந்து நின்றுவிட்டேன் என்பதைப் பின்னர் மகள் சொல்லித்தான் அறிந்தேன். ஆயினும், ஆட்டம் 4-4 என நின்று மிகை நேரத்திற்குச் சென்றது. முப்பத்தேழு நொடிகளில் ஒட்டாவா வென்றது. வென்ற வீரரைக் காத்து நிற்க வேண்டியவர் மாத்யூஸ்தான். நான்கு முறை வென்றவரே கடைசித் தவற்றுக்கும் உரியவரானார். ஆட்டம் முடிந்தபின் அது முற்றிலும் தம் பிழையே என்று ஒப்புக்கொண்டார். பத்தொன்பது வயதில் அவ்வாறு சொல்ல அவருக்கு வாய் வந்தது. எனக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின.

பேரன் விம்மி அழுதான். "நான்கு அடித்தும் தோற்றுவிட்டோமே!" என்றான். "மிகை நேரத் தோல்விக்கு 1 புள்ளி உண்டு என்று நீதானே சொன்னாய்? அந்த ஒன்றை எழுதிக்கொள்" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினான்.

டிசம்பர் தொடக்கத்தில் நான் ஊர் திரும்பினேன். அதன்பின் வாரந்தோறும் ஞாயிறு காலையில் தொலைபேசியில் அவன் கணக்கொப்பிப்பான். நான் இங்கே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். மாத்யூஸ், மார்னர், நைலண்டர், பிரவுன், ஹைமன், சைட்செவ் என அறுவர் முதற்பருவ வீரர்கள். மரக்கன்று என்று நான் நினைத்தவர்கள் அவர்களே. முன்னிலையில் இருந்த ஆட்டங்களைக் கைநழுவவிடுவதும் அவர்களால்தான்; இழந்ததாக எண்ணியவற்றை மீட்பதும் அவர்களால்தான். மிகை நேரத்திலும் அதற்குப் பின்வரும் தனியடியிலும் 15 முறை தோற்றார்கள். அந்தத் தோல்விகளால் வந்தவை 15 புள்ளிகள்.

2017 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை. இங்கு விடிந்து சிறிது நேரமாகியிருந்தது; அங்கு முந்திய நாள் இரவு. தொலைபேசி ஒலித்தது. பிட்ஸ்பர்க் அணியை 5-3 என வென்றதாகப் பேரன் மூச்சிரைக்கச் சொன்னான். முதன்மைக் காவலர் ஆண்டர்சன் ஆட்டத்தின் நடுவே காயமுற்று வெளியேற, மாற்றுக் காவலர் மெக்கெல்ஹினி வந்து காத்தாராம். மேற்சுற்று உறுதியாகிவிட்டது. மறுநாள் கடைசி ஆட்டத்தில் கொலம்பஸ் அணியிடம் தோற்றார்கள். ஆனால் அதனால் மேற்சுற்று வாய்ப்புக்கு இழப்பில்லை.

பருவம் முடிந்ததும் குறிப்பேட்டைக் கூட்டிப் பார்த்தேன். 40 வெற்றி, 95 புள்ளி. நான் கணக்கிட்ட 41 வெற்றி வரவில்லை; ஆனால் புள்ளி வந்துவிட்டது. அதே பிரிவில் டாம்பா பே அணிக்கும் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கும் 94, 94. அவ்விரண்டும் வெளியே நின்றன. இடைவெளி ஒரே ஒரு புள்ளி! அக்டோபர் மாதத்து அழுகை இரவில் நாங்கள் எழுதிய அந்த ஒன்று குறிப்பேட்டின் முதல் வரியில் இருந்தது. அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேற்சுற்றில் எதிர்ப்பட்டது 118 புள்ளிகளோடு முதலிடம் பெற்ற வாஷிங்டன் அணி. ஆறு ஆட்டங்களில் டொராண்டோ தோற்று வெளியேறியது. எனினும், அவ்வாறில் ஐந்து ஆட்டங்கள் மிகை நேரம்வரை சென்றன. கோப்பையைப் பற்றிக் கேட்பீர்களாயின், 1967 ஆம் ஆண்டிற்குப் பின் 2025 வரை அது அந்நகருக்கு வரவில்லை. பேரன் இப்பொழுது கல்லூரி செல்லும் வயதை அடைந்துவிட்டான். அந்த நீலச்சட்டை அவனுக்குப் போதாமலாகிப் பல ஆண்டுகள் ஆயின.

1994 ஆம் ஆண்டு மாணவனை நான் தேடினேன். பழைய ஊருக்கு இருமுறை சென்று கேட்டேன். அவன் குடும்பம் ஊரைவிட்டுப் பெயர்ந்துவிட்டது என்பதற்குமேல் யாரும் சொல்லவில்லை. ஏடு என்னிடமே இருக்கிறது.

அதனுள் ஒரு கடிதமும் வைத்திருக்கிறேன். 2017 மே மாதத்தில் பேரன் தன் கையால் தமிழில் எழுதி அனுப்பியது. வாஷிங்டன் ஆட்டங்களின் கதையை இரண்டு பக்கம் எழுதியிருந்தான். பழக்கத்தால் சிவப்பு மைப் பேனாவை எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். 'புள்ளி' என்னும் சொல் ஏழிடங்களில் வந்திருந்தது. ஆறிடங்களில் சரியாக எழுதியிருந்தான்.